நிவாக்கரையில் ஒரு பகல் நடை

நெய்வேலி என்னும் பெயரைக் கேட்ட அளவில் பழுப்பு நிலக்கரியும் மின்னாக்கமும் நினைவிற்கு வருதல் இயல்பு. அந்நகர்க்குத் தெற்கிலும் மேற்கிலும் ஓரிரு நாள் நடையில் அடையத்தக்க திருப்பதிகள் சில உள்ளன. எருக்கத்தம்புலியூர், கூடலையாற்றூர், முதுகுன்றம், பெண்ணாகடம், நெல்வாயில் அரத்துறை என்பன அவை. நிவா என்று முன்னோர் வழங்கிய வெள்ளாற்றையும் அதனோடு கலக்கும் மணிமுத்தாற்றையும் சார்ந்து, நடுநாட்டின் தென்பாகத்தில் இவை ஒரு கோவையாய்க் கிடக்கின்றன. தேவார ஆசிரியர் மூவரும் இவ்வழியில் நடந்தவர்கள். நாவுக்கரசர்க்கு இவ்வழியிலே திருக்குறி கிடைத்தது. ஞானசம்பந்தப் பிள்ளையார்க்கு முத்துச்சிவிகை கிடைத்தது. நம்பியாரூரர்க்கு முதலில் வழியும் பின்னர்ப் பொன்னும் கிடைத்தன. இவற்றுள் முத்துச்சிவிகை பெற்ற செய்தியைப் பாராட்டிப் பேசுவார் பலர். அதற்கு முந்திய பகலிற் பிள்ளையார் நடந்த நடையைக் கருதுவார் சிலரே. அந்நடை இன்றேல் அச்சிவிகையும் இல்லை என்பது சேக்கிழார் பெருமான் அவ்வரலாற்றை அமைத்த முறையாற் போதரும்.

வெள்ளாறு என்னும் பெயருடைய ஆறுகள் தமிழகத்தில் இரண்டு. புதுக்கோட்டைப் பக்கத்தில் ஓடிப் பண்டு சோழநாட்டிற்கும் பாண்டிநாட்டிற்கும் எல்லையாய் நின்றது ஒன்று. ஈண்டுக் கூறப்படுவது அஃதன்று. மேற்கு மலைகளில் தோன்றும் வசிட்டநதியும் சுவேதநதியும் கூடியுண்டாகி, கிழக்கு நோக்கி வந்து, கூடலையாற்றூரில் மணிமுத்தாற்றைத் தன்னுட் கொண்டு, பரங்கிப்பேட்டையருகிற் கடலொடு கலக்கும் வடவெள்ளாறு. ஆண்டு முழுவதும் நீர் நிறைந்து ஓடும் ஆறு அன்று இது. மழைக்காலத்துக் கரைபுரளும், வேனிலில் மணற்பரப்பாய் வெளுத்துக் கிடக்கும். ஆயினும் தில்லையிலிருந்து மேற்கே செல்வார்க்கும், மேற்கிலிருந்து தில்லைக்கு வருவார்க்கும் வழிகாட்டியாய் அமைந்தது இதன் கரையேயாகும். காடும் மேடுமாகிய நாட்டில் ஆற்றங்கரையைப் பற்றி நடப்பவன் வழி தப்புதல் அரிது. குடிக்க நீரும், தங்க ஊரும், வணங்கத் திருக்கோயிலும் அவனுக்குக் கிடைக்கும். திருப்பதிகள் ஆற்றங்கரையில் நெருங்கியிருத்தற்குக் காரணம் கூறப் புகுவார் இவ்வெளிய உண்மையை மறத்தலாகாது.

சேக்கிழார் இரண்டாங் குலோத்துங்கன் காலத்தில், கி.பி. 12ஆம் நூற்றாண்டில், சோழநாட்டு அமைச்சராய் விளங்கியவர். அடியார்கள் ஒவ்வொருவரும் எவ்வூரிலிருந்து எவ்வூர்க்கு, எத்திசை நோக்கி, எவ்வாற்றைக் கடந்து சென்றனர் என்பதை அவர் வாளா கூறிச் செல்லவில்லை. நாட்டின் ஊரும் ஆறும் வழியும் அறிந்த ஒருவரது கை அவர் நூல் முழுவதும் புலப்படுகின்றது. அவர் கூறும் ஊர்முறையை இன்றைய நிலப்படத்தின்மேல் வைத்துப் பார்ப்பின், நிவாக்கரை வழியைப் பொறுத்தவரையில் அது பிறழாது பொருந்துகின்றது. பெரியபுராணத்திற்குப் பேருரை கண்ட கோவைச் சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் அவர்கள் தலங்களுக்குச் செல்லும் வழியைத் தம் உரையிற் குறித்துச் செல்லுங்கால், இன்ன நிலையத்தினின்று இத்திசையில் இத்தனை நாழிகையளவில் அடையத்தக்கது என்று எழுதுவார்கள். நாழிகை என்பது 24 நிமிடம் கொண்ட காலஅளவு. வழியைக் காலத்தால் அளப்பது நடப்பவனுடைய கணக்கு. வண்டியேறிச் செல்பவனுக்கு அக்கணக்கு விளங்காது. சேக்கிழார் வழங்குவதும் அந்நடைக் கணக்கேயாகும். பொழுது சாய்ந்தது, இரவு தங்கினார், விடியலிற் புறப்பட்டார் என்று அவர் கூறுமிடங்கள் எல்லாம் கதைக்கு அழகு செய்ய வந்தன என்று தள்ளத்தக்கன அல்ல.

மூவருள் இவ்வழியில் முதலிற் கூறத்தக்கவர் நாவுக்கரசர். சூலைநோய் நீங்கித் திருவதிகையிற் சிவநெறி சார்ந்த பின்னர், சமணர் செய்த இன்னல்கள் எல்லாவற்றையும் கடந்து, அவர் திருவெண்ணெய்நல்லூர், திருவாமாத்தூர், திருக்கோவலூர் முதலிய பதிகளை வணங்கிக்கொண்டு தெற்கே பெண்ணாகடத்தை அடைந்தார். அங்குத் தூங்கானை மாடம் என்னும் திருக்கோயிலில் அவர் வேண்டிய வேண்டுகோள் வியப்பிற்குரியது. புறச்சமயத்தைச் சார்ந்திருந்த இவ்வுடம்போடு உயிர்வாழ விரும்பேன். நின் உடைமை என்று அறியத்தக்க குறியை என்மேற் பொறித்தருளல் வேண்டும் என்பதே அது. சிவபூதம் ஒன்று பிறர் அறியாவாறு அவர் தோள்களிற் சூலக்குறியையும் இடபக்குறியையும் பொறித்தது என்று புராணம் கூறும். பொறியிட்டு உடைமையை அறிவித்தல் ஆநிரைக்கும் அடிமைக்கும் உரிய வழக்கம். தமிழ்நாடு போற்றும் புலவர் ஒருவர் அதனை இரந்து பெற்றார் என்பது சிறிய செய்தியன்று. அதன்பின் அவர் அரத்துறையையும் முதுகுன்றத்தையும் பணிந்து, நிவாவின் கரையே பற்றிக் கிழக்கு நோக்கித் தில்லைக்கு நடந்தார். ஆகவே இவ்வழியை மேற்கிலிருந்து கிழக்காக நடந்தவர் அவர்.

பிள்ளையார் நடந்தது இதற்கு எதிர்த்திசையில். தில்லையை வணங்கி அங்குத் தங்கியிருந்த காலத்தில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் பதியாகிய எருக்கத்தம்புலியூர் முதலாக நிவாக்கரையிலுள்ள பதிகளைப் பிள்ளையார் வணங்கியருளல் வேண்டும் என்று விண்ணப்பித்தனர். அவ்வேண்டுகோளே இவ்வழிநடைக்குத் தோற்றுவாய். வேண்டியவர் யாழ் வல்ல பாணர். அவரது குலம் அக்காலத்துத் திருக்கோயிலுள் முன்னின்று வணங்கும் உரிமை பெற்றிருந்த குலமன்று. அவர் சொல்லைத் தலைமேற்கொண்டு பிள்ளையார் மேற்கு நோக்கிப் புறப்பட்டார் என்பதைச் சேக்கிழார் மிகைப்படுத்தாது கூறிச் செல்கின்றார். எருக்கத்தம்புலியூர் இக்காலத்து இராசேந்திரப்பட்டினம் என வழங்கும். வெள்ளெருக்கு அங்குத் தலமரம். அவ்வூரை அடைந்தபோது, இஃது அடியேன் பிறந்த பதி என்று பாணர் அறிவிக்க, அது கேட்டுப் பிள்ளையார் மகிழ்ந்தார் என்பர். பின்னர் முதுகுன்றம், அதன்பின் பெண்ணாகடம்.

அக்காலத்துப் பிள்ளையாரின் வயது எவ்வளவு? சீகாழித் தோணிபுரக் குளக்கரையில் ஞானப்பால் உண்டது மூன்றாம் ஆண்டில் என்பது யாவரும் உடன்பட்டது. இவ்வழிநடை முடிந்து காழிக்கு மீண்ட பின்னரே அவர்க்கு உபநயனம் நிகழ்ந்ததாகப் புராணம் கூறுகின்றது. ஆதலின் பெண்ணாகடத்தில் நின்ற பிள்ளையார் மூன்றாண்டிற்கு மேற்பட்டு ஏழாண்டு நிரம்பாத குழவி என்று கொள்ளல் தகும். அதுகாறும் நெடுவழி செல்லுங்கால் தந்தையாராகிய சிவபாதவிருதயர் அவரைத் தம் தோள்மீது இருத்திச் செல்வது வழக்கம். திருநனிபள்ளிக்குச் சென்றதும் அவ்வாறே.

பெண்ணாகடத்தினின்று அரத்துறைக்குப் புறப்பட்ட அன்று அவ்வழக்கம் நின்றது. பிள்ளையார் தந்தையாரின் தோளை விரும்பாது, தம் சிறிய அடிகளாலே நடக்கத் தொடங்கினார். அதற்குக் காரணம் ஒன்றையும் சேக்கிழார் விரித்துரைக்கவில்லை. உரையாளரும் சொற்பொழிவாளரும் காரணங்களை அடுக்குவதுண்டு. நூலாசிரியர் வாளா விட்ட இடத்தில் வாளா இருத்தலும் ஒரு முறையே. நூலிற் காணப்படுவது இவ்வளவே: ஒரு குழவி நடந்தது; அடிகள் நொந்தன; உடன் வந்தார் கண்டு வருந்தினர்; நெஞ்சம் முழுவதும் அரத்துறை இறைவனையே நினைந்திருந்தது. சிவபாதவிருதயர் என்னும் பெயர் சிவபெருமான் திருவடியை நெஞ்சிற் கொண்டவர் எனப் பொருள்படும். அத்தகையவர் தம் மகனாரின் அடிகள் மண்ணில் நோவதைக் கண்டும் தடுக்க மாட்டாது பின்னே நடந்தார். பக்கத்தில் யாழ்ப்பாணரும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும் வந்தனர். அந்தணரும் அடியாரும் சூழ்ந்து வந்தனர். அத்தனை பேருள் எவரேனும் தூக்கிச் செல்ல இசைவர். ஆயினும் எவரும் தூக்கவில்லை.

பொழுது சாயுங்கால் அவர்கள் அடைந்த ஊர் மாறன்பாடி. பெண்ணாடத்திற்கு மேற்கேயுள்ள இறையூரே அது என்பர். அவ்வூர்த் திருக்கோயிலின் இறைவர்க்குத் தாகந்தீர்த்தபுரீசுவரர் என்னும் பெயர் வழங்குவதும், பிள்ளையாரும் அடியாரும் அவ்வழியிற் கொண்ட நீர்வேட்கையோடு அப்பெயரை ஊரார் தொடர்புபடுத்துவதும் ஈண்டு நினைக்கத்தக்கன. பெண்ணாடத்திலிருந்து இறையூர் சில மைல் தொலைவே உள்ளது. வளர்ந்த ஒருவன் ஓரிரு மணி நேரத்தில் எளிதாய்க் கடக்கும் அவ்வழிக்கு ஒரு பகலின் எஞ்சிய பொழுது முழுவதும் சென்றுவிட்டது. இது பற்றிச் சேக்கிழார் கூற்றை ஐயுறுவார் உளராயின், அவர்கள் குழவி ஒன்றோடு ஒரு முறை அவ்வழியை நடந்து பார்ப்பது நன்று. பெருங்கூட்டம் நடக்கும் விரைவு அக்கூட்டத்தில் மிக மெல்ல நடப்பவரின் விரைவேயாகும். நூறு பேர் அன்று ஒரு பிள்ளையின் அடியளவிற்கு ஏற்பத் தம் நடையைச் சுருக்கிக்கொண்டனர்.

அவ்விரவில் அரத்துறை இறைவன் அவ்வூர் அந்தணர்களின் கனவிலே தோன்றினான். ஞானசம்பந்தன் நம்மிடம் வருகின்றான். அவனுக்கு உரிய முத்துச்சிவிகையும் முத்துக்குடையும் முத்துச்சின்னங்களும் நம் கோயிலில் உள்ளன. அவற்றைக் கொண்டுசென்று கொடுங்கள் என்பது கட்டளை. அவர்கள் விழித்தெழுந்து ஒருவர்க்கொருவர் கூறி வியந்து, கோயிற் கதவைத் திறந்து பார்த்தபோது அவை அங்கு இருந்தன. இருளோடு இருளாக அவற்றைச் சுமந்துகொண்டு மாறன்பாடிக்கு வந்தனர். பிள்ளையார்க்கும் அவ்வாறே திருவருட்குறிப்பு உணர்த்தப்பட்டிருந்தது. விடியலில் அவர் அச்சிவிகையைக் கண்டவுடன் ஏறிவிடவில்லை. நிலமுற வணங்கினார்; வலம் வந்தார்; திருவைந்தெழுத்தை ஓதியே ஏறினார். வெண்குடையும் சிவிகையும் ஊதுகருவியும் வேந்தர்க்குரியன என்பது தமிழ் மரபு. வேந்தன் தன் கீழுள்ளார்க்கு அவற்றைச் சிறப்பாக அளிப்பதுண்டு. ஈண்டு அளித்தவன் கோயிலிலுள்ள இறைவன். அளிக்கப்பட்டது, முதல்நாள் தோளிலும் ஏறாது மண்ணில் நடந்த பிள்ளைக்கு.

இனி, இச்செய்தி வரலாற்றில் எத்துணை உறுதியுடையது என்னும் வினாவைத் தவிர்த்தல் நேர்மையாகாது. மூவர் செய்திகளுக்கும் அவரவர் பதிகமே முதற்சான்று. நாவுக்கரசர் பெண்ணாகடத்திற் குறி வேண்டியது அவர்தம் திருவாக்கிலேயே வெளிப்படையாய் உள்ளது. அதற்கு வேறு சான்று வேண்டா. நம்பியாரூரர் கூடலையாற்றூரில் வியந்ததும் அவ்வாறே. பிள்ளையாரின் அரத்துறைப் பதிகத்திலோ சிவிகையின் பெயர் எடுத்துக் கூறப்படவில்லை. பாட்டுத்தோறும் இறுதியில் வருவது அரத்துறை அடிகளின் அருள் என்னும் பொருளே. இறைவனை நினைந்து ஏத்துவார்க்கன்றி அவ்வருள் கைகூடாது என்பதே அப்பதிகத்தின் உள்ளீடு. இது கொண்டு சிவிகைச் செய்தி பின்னாளிற் புனைந்தது என்று துணிவார் ஒருசாரார். பதிகத்தில் அருள் என்று பொதுவகையாற் கூறியதையே சேக்கிழார் வழிவழி வந்த வரலாற்றோடு பொருத்திச் சிறப்புவகையாற் காட்டினார் என்பார் மற்றொரு சாரார். பாடியவர் தாம் பெற்ற பொருளைப் பாடாது, தந்தவனையே பாடினார் என்பது இவ்விரண்டனுள் எதனைக் கொண்டாலும் மறுக்கப்படாது. கிடைத்த பல்லக்கைப் பற்றிப் பதினொரு பாட்டுப் பாடியிருப்பின் அதுவன்றோ ஐயத்திற்கு இடமாகும்.

நம்பியாரூரர் இவ்விருவர்க்கும் காலத்தாற் பிற்பட்டவர். அவர் முதுகுன்றத்தை நோக்கிச் சென்றபோது, வழியை அடுத்துள்ள கூடலையாற்றூரை வணங்காது கடந்து போக நேர்ந்தது. அப்போது எதிரே ஒரு வேதியர் நின்றார். முதுகுன்றத்திற்கு வழி எது என்று நம்பிகள் வினவ, கூடலையாற்றூர்க்குப் போகும் வழி இது என்று அவர் விடை கூறினார். கேட்டது ஒன்று, கூறியது மற்றொன்று. நம்பிகள் அவரோடு வாதாடவில்லை, உடன் நடந்தார். சிறிது தொலைவு வழிகாட்டிச் சென்ற வேதியர் காணாது மறைந்தார். வந்தவன் இறைவன் என்பதை நம்பிகள் அப்போதுதான் உணர்ந்து, இவ்வழியே அவன் போந்ததைத் தாம் அறியாது போன வியப்பைப் பாட்டுத்தோறும் கூறினார். வழி என்னும் சொல்லே அப்பதிகத்தின் உயிர்நாடி. முதுகுன்றத்தையும் அவர் பின்னர் அடையாமற் போகவில்லை.

அங்கு அவர் பெற்றது 12,000 பொன். அப்பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்க என்பது ஆணை. நம்பிகள் ஆணையைத் தலைக்கொண்டார்; ஆயினும் பொன்னில் ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டிக் கைக்கொண்ட பின்னரே ஆற்றில் இட்டார். திருவாரூரிற் கமலாலயத்தில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. அவர் மீண்டும் பாட, மாற்று நிரம்பியது. ஆற்றிலிட்டுக் குளத்தில் தேடுதல் என்று இன்று மக்கள் நகைத்துக் கூறும் பழமொழி இதிலிருந்து பிறந்தது என்பர். இறைவனிடத்தும் மச்சம் வெட்டிக்கொள்ளும் உரிமை தோழனுக்கன்றி வேறு யார்க்கு வாய்க்கும்?

தொண்டனாய் நின்று குறி இரந்தவர் ஒருவர். மகனாய் நின்று கேளாமலே சிவிகை பெற்றவர் ஒருவர். தோழனாய் நின்று வழியிலே விளையாடப்பட்டும் பொன்னிலே கணக்குப் பார்த்தும் சென்றவர் ஒருவர். தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம் என்று சிவஞானசித்தியார் வகுத்துரைக்கும் நெறிகளுக்கு இம்மூவரையும் முறையே எடுத்துக்காட்டாகக் கூறுவது சைவ உலகின் வழக்கம். அவ்வழக்கை ஏட்டிலே படித்தறிவதினும் இவ்வொரு வழியில் வைத்துக் காண்பது எளிது. ஆனால் இதனைச் சட்டகமாக்கி மூவரையும் மூன்று அறைகளில் அடைத்துவிடல் பிழையாகும். குழவியாகிய பிள்ளையார் அன்று மண்ணில் நடந்தது தொண்டரின் செயல் அன்று என்று யார் கூறவல்லார்? கையில் உழவாரப்படையோடு ஊர்தோறும் நடந்த நாவுக்கரசரின் அன்பு தோழமையிற் குறைந்ததும் அன்று.

சித்தாந்த சாத்திரம் தோன்றிய இடமும் இவ்வழியே என்பது பலர் கருதாத ஒன்று. மெய்கண்டாரின் தந்தையாராகிய அச்சுதகளப்பாளர் வாழ்ந்த ஊர் பெண்ணாகடம். மகப்பேறின்றி வருந்திய அவர்க்காகச் சகலாகம பண்டிதர் தேவார ஏட்டிற் கயிறு சார்த்திப் பார்க்க, பிள்ளையாரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது என்பதும், அதனை நம்பி அவர் திருவெண்காட்டில் வழிபட்டு மகனைப் பெற்றார் என்பதும் வழிவழி வந்த வரலாறு. அச்சகலாகம பண்டிதரே பின்னர் மெய்கண்டார்க்கு மாணவராகி, அருணந்தி சிவாசாரியார் என்னும் பெயரோடு சித்தியாரை அருளினார். சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம், உள்நின்று உணர்த்திய முதல்வனே குருவாய் வெளிவந்து உயிர்க்கு அதன் நிலையை அறிவிப்பான் என்கின்றது. வேடரிடை வளர்ந்த அரசமகனை அதற்கு உவமை காட்டும். நம்பியாரூரர்க்கு முன் நின்ற வேதியரை இதனோடு ஒப்பவைத்துக் காண்பார்க்கு, சூத்திரத்தின் பொருள் கண்முன் நடப்பது போல விளங்கும். பெண்ணாகடத்துத் திருக்கோயிற் கருவறை யானையின் பின்புற வடிவிலே வளைந்து அமைந்தது. தூங்கானை மாடம் என்னும் பெயர் அவ்வமைப்பால் வந்தது. கலிக்கம்ப நாயனார் தொண்டு செய்த பதியும் அதுவே.

முதுகுன்றத்திலும் ஆகமத்தை நினைவூட்டும் ஒன்று உண்டு. திருக்கோயிற் சுற்றில் 28 சிவலிங்கங்கள் காமிகம் முதலாகிய 28 ஆகமங்களின் பெயரால் எழுந்தருளியுள்ளன; முருகப்பெருமான் அவற்றை நிறுவி வழிபட்டான் என்று தலவரலாறு கூறும். கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் 10ஆம் நூற்றாண்டில் இக்கோயிலைக் கற்றளியாக்கினார். மாசிமகத்தன்று மணிமுத்தாற்றில் நீராட வரும் மக்கட்பெருக்கு இன்றும் குறைந்திலது. முதுகுன்றம் என்றால் பழைய மலை. விருத்தாசலம் என்பது அதன் வடமொழிப் பெயர்ப்பு. மலை எங்கே என்று தேடுவார்க்கு அங்கு மலை காணப்படாது. அண்ணாமலைக்கும் முற்பட்ட மலை நிலத்துள் அழுந்தி நிற்கின்றது என்று ஊரார் கூறுவர்.

அம்மலையில்லாத முதுகுன்றத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், சில பத்தாண்டுகளுக்குள் மனிதர் கையால் எழுந்த மண்மலைகள் தோன்றுகின்றன. நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து அகழ்ந்து குவித்த மண் அது. 1934-35ஆம் ஆண்டளவில் அவ்வூர் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திற் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956இல் பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பெற்றது. 1957 மே 20இல் சுரங்கப்பணி தொடங்கியது. 1961இல் நிலக்கரி வெளிப்பட, அடுத்த ஆண்டில் மின்னாக்கம் நிகழ்ந்தது. செம்மண்ணும் பனையும் முந்திரிக்காடுமாய்க் கிடந்த மேட்டுநிலத்தில் வரிசை வரிசையாய் வீதிகளும் மரநிழலும் கொண்ட நகரம் ஒன்று தோன்றியது. அந்நிலத்திற் குடியிருந்த ஊர்கள் பல இடம் பெயர்ந்தன. ஊர் பெயரும்போது வீட்டிற்கு விலை கூறுவார் உண்டு. ஊருக்கு ஊர் நடந்த ஒற்றையடிப் பாதைக்கு விலை கூறுவார் இல்லை. எந்தத் தோப்பைக் கடந்தால் எந்தக் குளம் வரும், எங்கு நின்றால் எந்தக் கோபுரம் தெரியும் என்னும் அறிவு அப்பாதையோடு மறைந்துவிடுவது. நிவாக்கரை அச்சுரங்கங்களுக்குத் தெற்கே விலகிக் கிடந்தமையால் மூவர் நடந்த வழி அகழப்படாது எஞ்சியது.

நெய்வேலி தேவாரம் பெற்ற தலமன்று. ஆயினும் புதிதாய் வந்து குடியேறிய மக்கள் அங்கு அழகிய திருச்சிற்றம்பலமுடையான் என்னும் பெயரால் ஆடல்வல்லானுக்குத் திருக்கோயில் எடுத்து, பத்தடிக்கு மேற்பட்ட உயரமுடைய திருமேனியை எழுந்தருளுவித்தனர். வில்லுடையான்பட்டு என்றும் வேலுடையான்பட்டு என்றும் வழங்கும் பழைய முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தன்று பாற்குடமும் காவடியும் எடுத்து நடந்து வருவார் தொகை மிகப் பெரிது. சுற்றூர் உழவரும் சுரங்கத்திற் பணிசெய்வாரும் அந்நாளில் ஒரே வீதியில் வெறுங்காலோடு நடப்பர். அந்நகரிலிருந்து விடியற்காலையிற் புறப்படும் ஒருவன் உச்சிப்பொழுதிற்குள் முதுகுன்றத்தை நடந்தே அடையலாம். மறுநாட் காலையில் அங்கிருந்து புறப்படின் பெண்ணாகடத்தில் நண்பகற் பூசை காணலாம். இருப்புப்பாதையும் தார்ச்சாலையும் இவ்வூர்களை இணைத்த பின்னர் இதனை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுவார் பலராயினர். அவர்களைக் குறைகூறுதற்கு இடமில்லை. முதியோரும் நோயுற்றோரும் வேறு எவ்வாறு செல்வர்? ஆனால் ஒரே நாளில் பத்துத் தலம் பார்த்தோம் என்று எண்ணிக்கை கூறி மகிழ்வார்க்கு, பிள்ளையார் ஒரு தலத்தினின்று அடுத்த தலத்தையும் ஒரு பகலில் அடையவில்லை என்பதை நினைவூட்டல் தகும்.

மாறன்பாடியிற் கிடைத்த சிவிகையின் பிற்காலச் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. பிள்ளையார் அரத்துறையை அடைந்தபோது, திருக்கோயிலை நெருங்கிய அளவில் சிவிகையினின்று இறங்கி நடந்தே உட்புகுந்தார். பின்னர்ச் சென்ற பதிகளிலும் அவ்வாறே செய்தார். அவர் ஏறியும் இறங்கியும் சென்ற அச்சிவிகை ஆண்டுகள் பல கழிந்தபின் சோழநாட்டுத் திருப்பூந்துருத்தியின் எல்லையை அடைந்தது. அங்கே திருமடம் அமைத்துத் தங்கியிருந்த நாவுக்கரசர், பிள்ளையார் வருகின்றார் என்று கேட்டு எதிர்சென்று, கூட்டத்தினிடையே ஒருவரும் அறியாதவாறு புகுந்து, சிவிகை சுமப்பாருள் ஒருவராய்த் தோள்கொடுத்தார். பெண்ணாகடத்தில் சூலமும் இடபமும் பொறிக்கப்பெற்ற தோள் அது. ஊர் அணுகியதும், அப்பர் எங்குள்ளார் என்று பிள்ளையார் வினவினார். உம்மடியேன் உம்மைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்குள்ளேன் என்று கீழிருந்து விடை வந்தது. பிள்ளையார் பதைத்துச் சிவிகையினின்றும் கீழே குதித்து அவரை வணங்க, அவர் பிள்ளையாரை வணங்கினார். இருவரும் அங்கிருந்து திருக்கோயிலுக்கு ஒருங்கு நடந்து சென்றனர்.